பதினைந்தே நிமிடம்

மீட்சியின் வழித்தடம் – பகுதி 6

சென்ற வாரம் நியூயார்க் நகரின் டவுன்ஸ் மருத்துவமனையில் நிறுத்தியிருந்தோம். 1934 டிசம்பர் மாதம். பங்குச் சந்தைச் சரிவில் பாதியும் குடியில் மீதியுமாக வாழ்க்கையை இழந்த பில் வில்சன் மறுபடியும் அங்கே படுத்துக் கிடந்தார்.

அவரைத் தேடி வந்தவர் பழைய குடித்தோழர் எபி தாச்சர். கல்வாரி எபிஸ்கோபல் திருச்சபை 23ஆம் தெருவில் நடத்திய மிஷன் விடுதியில் மண்டியிட்டு, குடியை விட்டிருந்தவர். அந்தத் திருச்சபையின் ஆயர் சாம் ஷூமேக்கர். அமெரிக்காவில் ‘ஆக்ஸ்ஃபோர்டு குழு’ இயக்கத்துக்குத் தூணாக நின்றவர்களில் ஒருவர்.

அந்தக் குழுவின் வழி எளிது, கடினமும்கூட. உன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள். மறைத்ததை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டு அறிக்கையிடு. யாருக்குத் தீங்கு செய்தாயோ அவரிடம் போய்ச் சரிசெய். உன்னைக் கடவுளிடம் ஒப்படை. பிறகு, உன்னைப் போல விழுந்து கிடக்கும் இன்னொருவரைத் தேடிப் போ.

பில் குடியை விட்டார். அந்த டிசம்பர் 11க்குப் பிறகு அவர் ஒரு சொட்டும் தொடவில்லை.

ஆனால் அந்தக் கடைசிப் படி? அதில்தான் எல்லாம் சறுக்கியது.

* * *

ஐந்து மாதம், ஒருவரும் இல்லை

பில் சும்மா இருக்கவில்லை. கல்வாரி மிஷனுக்குப் போனார், டவுன்ஸ் மருத்துவமனைக்குப் போனார். குடித்துக் கிடந்தவர்களை வீட்டுக்கே கூட்டி வந்தார். மனைவி லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் கொண்டுவந்த சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

மருத்துவமனை அறையில் தனக்குக் கிடைத்த ஒளி அனுபவத்தைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். உனக்கும் அது கிடைக்கும் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், வெளியே போய்க் குடித்தார்கள்.

ஐந்து மாதத்தில் ஒருவர்கூடத் தெளியவில்லை.

மனம் உடைந்து இதைச் சொன்னபோது லோயிஸ்தான் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர்கள் குடித்தார்கள், சரி; நீங்கள் குடிக்கவில்லையே!

அந்தச் சொல்லின் கனம் பில்லுக்கு அப்போது முழுதாக விளங்கியதாகத் தெரியவில்லை. அது விளங்க அவர் வேறொரு ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முன் டாக்டர் வில்லியம் சில்க்வொர்த்தும் ஒரு புத்தி சொன்னார். பிரசங்கத்தை விடுங்கள். முதலில் நோயைப் பற்றிப் பேசுங்கள். குடிநோயாளியின் உடலுக்கு மது ஒவ்வாது, ஆனால் அவன் மனம் அதையே பிடித்துத் தொங்கும். இரண்டும் சேர்ந்தால் மீள வழியில்லை. இதைச் சொல்லி அவர்களை நிலைகுலையச் செய்யுங்கள். கடவுளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

* * *

ரப்பர் நகரம்

பில் போன ஊர் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று டயர்க் கம்பெனிகள் குடியேறிய ஊர்.

ஆக்ரனின் பெயரை நம் பாட்டன்மார் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மலாயாத் தோட்டங்களில் விடிவதற்கு முன் எழுந்து பால் வெட்டிய தமிழர்களின் உழைப்பு கப்பலேறிப் போய்ச் சேர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அதே தோட்டங்களில் கள்ளுக்கடையும் இருந்தது. பால் வெட்டிய கூலியில் ஒரு பங்கு அங்கே திரும்பிப் போனது. ரப்பரின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் குடி இருந்தது என்பதை இந்தப் பகுதியை எழுதும்போது என்னால் மறக்க முடியவில்லை.

ஆக்ரனில் குடி ஏழை வீட்டில் மட்டும் இருக்கவில்லை. டயர் அதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோனின் மகன் ரஸ்ஸல் பெருங்குடிகாரர். மருத்துவம் பலிக்கவில்லை. 1931இல் ஒரு ரயில் பயணத்தில் சாம் ஷூமேக்கர் அவரோடு உட்கார்ந்து பேசி, ஜெபித்து, அவரைத் திருப்பினார். மகன் தெளிந்த மனிதனாக வீட்டுக்கு வந்ததைப் பார்த்த தந்தை நன்றியில் நெகிழ்ந்துபோனார்.

அந்த நன்றியில்தான் 1933 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் தலைவர் ஃபிராங்க் புக்மனையும் அவருடைய ஆட்களையும் ஆக்ரனுக்கு அழைத்தார் ஃபயர்ஸ்டோன். பத்து நாள் கூட்டங்கள். பல சபைகளின் மேடைகள் அவர்களுக்குத் திறந்தன. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பெண்களை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஒருவர் ஹென்ரியேட்டா சைபர்லிங். குட்இயரை நிறுவிய ஃபிராங்க் சைபர்லிங்கின் மருமகள். கணவரைப் பிரிந்து, மாமனாரின் மாளிகையான ஸ்டான் ஹைவெட் வளாகத்தின் வாயிற்காப்பு வீட்டில் மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தவர். குடிப்பழக்கம் இல்லாதவர்.

இன்னொருவர் ஆன் ஸ்மித், அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தின் மனைவி. அவர் ஏன் வந்தார் என்பது அவர் வீட்டுக்குள் போனால்தான் தெரியும்.

* * *

நிலக்கரித் தொட்டியில் ஒரு புட்டி

டாக்டர் ராபர்ட் ஸ்மித்தை ஊரில் டாக்டர் பாப் என்பார்கள். 55 வயது, கைதேர்ந்த அறுவை மருத்துவர். கல்லூரி நாட்களில் தொடங்கிய குடி. காலையில் கை நடுங்கும். நடுக்கம் தெரியாமலிருக்க அமைதிப்படுத்தும் மருந்து. சாயங்காலம் மருந்தின் பிடி தளர்ந்ததும் மது. மறுநாள் மறுபடி மருந்து. ஏறக்குறைய பதினேழு ஆண்டுகளாக இதுதான் நடந்தது.

புட்டியை ஒளித்துவைப்பதில் அவருக்கு நிகரில்லை. நிலக்கரித் தொட்டியில், துணி போடும் குழாயில், கதவு நிலையின் மேல், நிலவறையின் விட்டத்தில். பிற்காலத்தில் இதையெல்லாம் அவரே எழுதிவைத்தார்.

ஆன் இரண்டரை ஆண்டுகளாக ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் கூட்டங்களுக்கு அவரையும் கூட்டிப் போனார். டாக்டரும் போனார். கைக்குக் கிடைத்த ஆன்மிக நூல்களையெல்லாம் படித்தார். வேதாகமத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். குழுவில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்க் குடித்தார்.

ஒன்றை மட்டும் அவர் கூட்டத்தில் சொன்னதே இல்லை. தான் குடிப்பதை.

* * *

விலை கொடுத்துப் பேசுவோம்

1935 வசந்த காலம். டாக்டரின் குடி பற்றி ஹென்ரியேட்டாவின் காதுக்கு எட்டியது. அவர் டாக்டரைத் தனியே அழைத்துக் கண்டிக்கவில்லை. வேறொன்று செய்தார்.

டி. ஹென்றி வில்லியம்ஸ் என்ற பொறியாளரின் வீட்டில் சிறு கூட்டம் ஒன்றைக் கூட்டினார். வரப்போகிறவர்களிடம் முன்பே சொல்லிவைத்தார்: இன்று ஒவ்வொருவரும் சொல்ல வெட்கப்படுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலோட்டமாகப் பேசிவிட்டு எழுந்து போகக் கூடாது.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிறகு அறை அமைதியானது.

டாக்டர் பாப் வாய் திறந்தார். நீங்கள் எல்லோரும் விலை கொடுத்துச் சொல்ல வேண்டியதைப் பகிர்ந்தீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழிலையே முடித்துவிடலாம், நான் இரகசியக் குடிகாரன், என்னால் நிறுத்த முடியவில்லை. இந்தப் பொருளில்தான் அவர் பேசியதாக அங்கே இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டார்கள். சரி என்றார். கம்பளத்தின் மேல் எல்லோரும் மண்டியிட்டார்கள். டாக்டரும் மண்டியிட்டார்.

அதன் பிறகும் அவர் குடித்தார்.

வரலாற்றில் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு இங்கே நிற்கத் தோன்றுகிறது. அறிக்கையும் செய்தாயிற்று, ஜெபமும் ஆயிற்று, அன்பான மனிதர்களும் சுற்றிலும் இருக்கிறார்கள். ஒரு சபை தரக்கூடியதெல்லாம் அந்த அறையில் இருந்தது. என்ன குறைந்தது?

அங்கே மண்டியிட்டவர்களில் அவரைத் தவிர குடிநோயாளி யாருமில்லை.

* * *

மேஃப்ளவர் விடுதி, சனிக்கிழமை

1935 மே 11. பில் வில்சன் ஆக்ரனுக்கு வந்தது ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் வாக்குப் போட்டிக்காக. அதில் ஜெயித்திருந்தால் இழந்த வாழ்வு திரும்பியிருக்கும். தோற்றார். கூட வந்தவர்கள் நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டார்கள். பையில் பத்து டாலர் அளவில்தான் இருந்தது.

மேஃப்ளவர் விடுதியின் முன்கூடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தார். ஒரு கோடியில் மதுக்கூடம். சனிக்கிழமைச் சிரிப்பும் கண்ணாடிக் கோப்பைகளின் ஓசையும் அங்கிருந்து வந்தன. ஒரு இஞ்சி பானம் வாங்கிக்கொண்டு யாரோடாவது பேசிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது.

குடிநோயைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். பில்லுக்கும் தெரிந்தது. பயந்துபோனார்.

முன்கூடத்தின் மறுகோடியில் ஊரிலுள்ள திருச்சபைகளின் பட்டியல் ஒன்று மாட்டியிருந்தது. பக்கத்தில் தொலைபேசி.

அப்போதுதான் லோயிஸ் சொன்னது அவருக்குள் இறங்கியது. ஐந்து மாதம் அவர் கூட்டி வந்த குடிகாரர்கள் யாரும் மீளவில்லை. ஆனால் அவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் தான் குடிக்காமல் இருந்தார். இப்போது தனக்கு ஒரு குடிகாரர் வேண்டும். அவரைக் காப்பாற்ற அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

மதுக்கூடத்துக்கு முதுகைக் காட்டினார். பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தார்: எபிஸ்கோபல் ஆயர் வால்டர் டங்க்ஸ்.

எத்தனையோ போதகர்கள் இருந்த அந்தப் பட்டியலில் அவர் விரல் தொட்டது ஃபயர்ஸ்டோன் குடும்பத்தின் சபை ஆயரை. இரண்டு ஆண்டுக்கு முன் ஆக்ஸ்ஃபோர்டு குழுவை ஆக்ரனில் வரவேற்றவர்களில் ஒருவரை. நம்பிக்கையுள்ளவர்கள் இதைத் தேவ நடத்துதல் என்பார்கள். நான் மறுக்கப் போவதில்லை.

தான் நியூயார்க்கிலிருந்து வந்திருக்கும் குடிகாரன் என்றும், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்றும் பில் சொன்னார். முன்பின் தெரியாத குரலின் அந்த வேண்டுகோளைக் கேட்டு ஆயர் தொலைபேசியை வைத்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. பத்து பேரின் பெயர்களைத் தந்தார்.

பில் வரிசையாக அழைத்தார். சிலர் வீட்டில் இல்லை. சிலருக்கு அவகாசமில்லை. நார்மன் ஷெப்பர்ட் என்பவர் மட்டும், எனக்கு வேலையிருக்கிறது, இவரைக் கேட்டுப் பாருங்கள் என்று இன்னொரு பெயரைச் சொன்னார்.

ஹென்ரியேட்டா சைபர்லிங்.

பில் தயங்கினார். சைபர்லிங் என்றால் டயர் அதிபர். அப்பேர்ப்பட்ட வீட்டு மருமகளிடம், நான் குடிகாரன், எனக்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் சொல்லிவிட்டார்.

ஹென்ரியேட்டா திடுக்கிடவில்லை. சில வாரங்களுக்கு முன் கம்பளத்தில் மண்டியிட்டவர்களில் அவரும் ஒருவர். கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. புறப்பட்டு வாருங்கள் என்றார்.

உடனே ஸ்மித் வீட்டுக்கு அழைத்தார். ஆன் தயங்கித் தயங்கிப் பேசினார். மறுநாள் அன்னையர் நாள். அதற்காக டாக்டர் ஒரு பூந்தொட்டி வாங்கி வந்திருக்கிறார். தொட்டி மேசைமேல் இருக்கிறது. டாக்டர் நினைவில்லாமல் கிடக்கிறார்.

நாளை மாலை ஐந்து மணி என்று முடிவானது.

* * *

வாயிற்காப்பு வீடு

மே 12, ஞாயிறு. டாக்டர் பாப் நடுக்கத்தோடும் எரிச்சலோடும் வந்தார். வரும் வழியில் மனைவியிடம் வாக்கு வாங்கியிருந்தார்: பதினைந்தே நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. பள்ளியில் படிக்கும் மகனும் கூட வந்திருந்தான்.

சாப்பிட அழைத்தார்கள். டாக்டரால் சாப்பிட முடியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஹென்ரியேட்டா இருவரையும் ஒரு சிறிய அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

பில்லுக்கு 39 வயது. எதிரே இருந்தவர் பதினாறு வயது மூத்தவர், படித்தவர், வேதாகமம் தெரிந்தவர். அவருக்கு எதைப் போதிப்பது?

பில் போதிக்கவில்லை. தன் குடியைச் சொன்னார். ஒளித்துவைத்த புட்டிகளை, மனைவியிடம் செய்து மீறிய சத்தியங்களை, விடியற்காலை நடுக்கத்தை, அது நிற்பதற்காக மறுபடி குடித்ததைச் சொன்னார். சில்க்வொர்த் சொல்லிக் கொடுத்த நோயின் கதையைச் சொன்னார். கடைசியில், உங்களோடு பேசுவது எனக்குத் தேவையாக இருந்தது, அதனால்தான் வந்தேன் என்றார்.

டாக்டருக்கு இது புதிது. அதுவரை அவரைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது கொடுக்க வந்தவர்கள். இவர் கேட்க வந்திருந்தார். குடியைத் தன் அனுபவத்தால் அறிந்து பேசிய முதல் மனிதர் பில்தான் என்று டாக்டர் பிற்பாடு எழுதினார்.

பதினைந்து நிமிடம் போனது. ஒரு மணி நேரம் போனது. கதவு திறந்தபோது இரவு பதினொன்றே கால்.

* * *

ஒரு புட்டி பீர்

பில் நியூயார்க்குக்குத் திரும்பவில்லை. சில வாரங்களில் ஆர்ட்மோர் அவென்யூவிலிருந்த ஸ்மித் வீட்டிலேயே தங்கிவிட்டார். விடியற்காலையில் ஆன் வேதாகமத்தைத் திறப்பார். யாக்கோபின் நிருபம், மலைப்பிரசங்கம், ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரம். வாசிப்பார், மூவரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். சபையின் பழக்கங்கள் ஒரு வீட்டின் சமையலறைக்குள் புகுந்தது அப்படித்தான்.

ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் மருத்துவர் சங்க மாநாடு. டாக்டர் போக ஆசைப்பட்டார். ஆன் பயந்தார். உலகத்தில் மது இருக்கத்தான் செய்யும், அதன் நடுவேதான் வாழப் பழக வேண்டும் என்று பில் சொன்னார்.

டாக்டர் ரயிலேறினார். ரயிலிலேயே குடித்தார். பல நாள் தகவல் இல்லை. திரும்பியபோது எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

இன்னும் சில நாட்களில் ஓர் அறுவை சிகிச்சை. அவரே செய்ய வேண்டியது. பில்லும் ஆனும் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து போதையை மெல்லக் குறைத்தார்கள்.

அந்தக் காலையும் வந்தது. டாக்டரின் கை இன்னும் நடுங்கியது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் பில் அவரிடம் ஒரு பீர் புட்டியை நீட்டினார். குடியை விட்டவன் கையாலேயே குடிநோயாளிக்குப் பீர்! கத்தி பிடிக்கும் கை நிலைக்க வேறு வழி இருக்கவில்லை.

டாக்டர் உள்ளே போனார். வீட்டில் இருவரும் காத்திருந்தார்கள். சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று செய்தி வந்தது. டாக்டர் வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சாயங்காலமும் ஆயிற்று. ஆன் என்ன நினைத்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் திரும்பி வந்தார். குடித்திருக்கவில்லை. கடன்காரர்களின் வாசலுக்கும், தான் மனம் நோகச் செய்தவர்களின் வாசலுக்கும் போய், தன் குடியைச் சொல்லி, சரிசெய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதுவரை அவர் செய்ய மறுத்துவந்தது இந்த ஒன்றைத்தான். வெளியே தெரிந்தால் தொழில் போய்விடும் என்ற பயம்.

அந்தப் பீர்தான் அவர் வாழ்நாளின் கடைசி மது. 1950இல் இறக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. பிற்பாடு இந்த இருவரிடமிருந்து வளர்ந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடும் 1935 ஜூன் 10 இந்த நிகழ்ச்சியைக் குறிப்பதுதான்.

* * *

புதன்கிழமைகள்

இருவரானதும் மூன்றாமவரைத் தேடினார்கள். ஆக்ரன் நகர மருத்துவமனையில் ஒரு வழக்கறிஞர் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்தார், செவிலியரைத் தாக்கியிருந்தார். இவரும் சபைக்குப் போகிறவர்தான். எனக்குக் காலம் கடந்துவிட்டது என்றார். பில்லும் டாக்டரும் அவர் கட்டிலருகே உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். ஜூலை 4 அன்று அவர் தெளிந்த மனிதராக வெளியே வந்தார்.

புதன் இரவுகளில் டி. ஹென்றி வில்லியம்ஸின் வீட்டில் கூட்டம். டாக்டருக்காக ஜெபித்த அதே குழு. குடிநோயாளிகளும் குடி தெரியாத சபை மக்களும் ஒரே கூடத்தில். புதிதாக வருகிறவரை மாடிக்கு அழைத்துப் போய் மண்டியிடச் செய்து ஜெபித்த பிறகே கீழே கூட்டிவருவார்கள். அப்போது அவர்களுக்கென்று தனிப் பெயர் இருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் குடிநோயாளிப் பிரிவு, அவ்வளவுதான். திருச்சபையின் மடியிலேயே அது வளர்ந்தது.

கோடை முடியும்போது பில் நியூயார்க் திரும்பினார். கிளின்டன் தெருவில் இருந்த தன் வீட்டில் செவ்வாய் இரவுகளில் கூட்டம் தொடங்கினார். எபி மண்டியிட்ட அதே கல்வாரி மிஷனிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த முறை சிலர் நிலைத்தும் நின்றார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் மிஷன் ஆட்களின் வரவு நின்றது. அவர்கள் மறுபடி குடிக்கப் போய்விடவில்லை. கிளின்டன் தெருக் கூட்டத்துக்கு இனிப் போகக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது மதுக்கடைக்காரர்கள் அல்ல, பில்லின் எதிரிகளும் அல்ல. அவரை மீட்டெடுத்த அதே கல்வாரித் திருச்சபையின் ஆட்கள்.

தானே திறந்துவிட்ட கதவைச் சபை ஏன் சாத்தியது?

(அடுத்த வாரம்)